எஞ்சின் நிக்கிதுன்னு எஞ்சின கழட்டாதீங்க, முதல்ல டேங்க பாருங்க

குளோ எஞ்சின், அதாவது மெத்தனோல்ல ஓடுற குட்டி எஞ்சின் போட்ட ஆர்சி பிளேன் (ரிமோட்ல பறக்கிற மாடல் பிளேன்) வச்சிருக்கிற யாருகிட்ட கேட்டாலும் ஒரே புலம்பல்தான், தரையில நல்லா ஓடுது, மேல போனதும் நின்னுருது. உடனே பிளக்க மாத்துவாங்க, காபரேட்டர கழட்டி கழுவுவாங்க, கடைசில எஞ்சினே பழுதுன்னு முடிவு பண்ணி பாதி விலைக்கு வித்துருவாங்க. அப்படி வித்த ஒருத்தர்கிட்ட இருந்துதான் என் பிளேன் வந்துச்சு, அதுனால அந்த முடிவு மேல எனக்கு கோபம் ஒன்னும் இல்ல.

பிளேன் சாதாரண 40 சைஸ் ட்ரெயினர், அதாவது 0.40 கன அங்குல எஞ்சின் அளவுக்கு செஞ்ச, பறக்க பழகுறவங்களுக்கான பிளேன், ரெக்க மேல இருக்கிற டைப், நுனிக்கு நுனி அஞ்சு அடி வரும். எஞ்சின் 46, அதாவது 0.46 கன அங்குலம், சுமார் 7.5 சிசி. எங்க மாமா தோட்டத்து தேயிலை பேக்டரில மெக்கானிக், அவருகிட்ட கொண்டு போய் காட்டினேன், புரொப்பெல்லர கையால ரெண்டு சுத்து சுத்தி பாத்துட்டு "கம்ப்ரெஷன் கல்லு மாதிரி இருக்கு மாப்ள, இதுல என்ன பழுது"ன்னு கேட்டாரு. அப்புறம் மூக்க திறந்து டேங்க வெளிய எடுத்தோம். உள்ள இருக்கிற ட்யூப் மடிஞ்சு, எண்ணெய் எந்தப் பக்கம் போகுதோ அங்க ட்யூப் நுனிய இழுத்துட்டு போற பித்தளை குண்டு முன்பக்கம் வந்து மாட்டிக்கிட்டு கெடக்கு. அவ்வளவுதான் விசயம். முன்ன எப்பவோ மூக்கு குத்தி இறங்கியிருக்கும், அப்ப குண்டு முன்னுக்கு பாஞ்சிருக்கும், திரும்ப பின்னால போகல. பிளேன் நேரா இருக்கிறப்ப டேங்க் நெறஞ்சிருந்தா முன்பக்கமும் எண்ணெய் இருக்கும், ஓடும். மூக்க தூக்கி ஏறினா எண்ணெய் எல்லாம் பின்னால போயிரும், குண்டு முன்னால உக்காந்து காத்த குடிக்கும், எஞ்சின் நிக்கும். தரையில நேரா வச்சு எத்தன தரம் ஸ்டார்ட் பண்ணி பாத்தாலும் இது தெரியவே தெரியாது.

இது கொழும்பு பக்கமா இருந்தா பெரிய பிரச்சினை இல்லன்னு வைங்க, எஞ்சின் நின்னா பெரிய கிரவுண்ட்ல அப்படியே சறுக்கி இறக்கிரலாம். நம்ம பக்கம் அப்படியா. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எங்க பாத்தாலும் கிரவுண்டுன்னு இருக்கிறது மலைய வெட்டி எடுத்த ஒரு துண்டு, ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயம், மிச்சமெல்லாம் தேயிலை. மேல இருந்து பாத்தா தேயிலை சமமா மெத்த விரிச்ச மாதிரிதான் தெரியும், ஆனா கவ்வாத்து வெட்டின செடியோட கொம்பு எப்படி இருக்கும்னு மலையில வேல செஞ்ச எல்லாருக்கும் தெரியும், ரெக்க துணி கிழிஞ்சு பால்சா கட்டையெல்லாம் சில்லு சில்லா போயிரும். அதோட அந்த மலையில ஆளுங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டரை கிலோ சாமான் சத்தமில்லாம ஆளுங்க தலைக்கு மேல வர்றது வெளாட்டு இல்ல. அதுனால நான் ஆளுங்க மலையில இருக்கிற நேரத்துல பறக்கிறதே இல்ல. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையோட விதிமுறை என்னன்னு பாத்து, தோட்டத்துலயும் கேட்டுட்டு பறக்குறதுதான் சரி, கேக்காம பறந்து ஏதாவது ஆச்சுன்னா அடுத்தவனும் பறக்க முடியாம போயிரும்.

சரி டேங்க் கதைக்கு வாறேன். மாமாவுக்கு முதல்ல இது புரியல, ஏன்னா அவரு பழகினது எல்லாம் புல்லு வெட்டுற மெஷின். அத தலைகீழா புடிச்சாலும் ஓடும், டேங்க் எங்க இருந்தாலும் கவலை இல்ல, ஏன்னா அந்த காபரேட்டருக்குள்ளயே ஒரு ரப்பர் தகடு இருந்து பம்ப் மாதிரி எண்ணெய இழுத்துக்கும். மோட்டார் சைக்கிள்ல மிதவை இருக்கு. நம்ம குளோ எஞ்சின்ல ரெண்டும் கிடையாது. ஒரு ஓட்டை, அதுக்குள்ள எண்ணெய் அளவ கூட்டி குறைக்க ஒரு ஊசி, அவ்வளவுதான். எஞ்சின் உறிஞ்சுற வேகமும், சைலன்சர்ல இருந்து ஒரு சின்ன ட்யூப் வழியா டேங்குக்கு வர்ற அழுத்தமும்தான் எண்ணெய தள்ளுது. டேங்க் ரெண்டு அங்குலம் மேல போனாலும் கீழ போனாலும் எஞ்சினுக்கு உடனே தெரியும். இத சொன்னதும் மாமா "அப்ப டேங்குதான் பாதி காபரேட்டர்"ன்னாரு, நான் அதுக்கு மேல சொல்ல ஒன்னும் இல்ல.

டேங்க் கட்டுறத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எல்லாரும் அவசரமா செய்யிற வேல இதுதான். டேங்க் வாயில ரப்பர் அடைப்பான், அதுல ரெண்டு இல்லாட்டி மூணு பித்தளை குழாய். ஒன்னு எஞ்சினுக்கு போற குழாய், உள்பக்கம் அதுல சிலிகன் ட்யூபும் குண்டும் தொங்கும். இன்னொன்னு காத்து குழாய், அத உள்ள போற பக்கம் மேல பாத்து வளைச்சு டேங்கோட கூரைய தொடுற மாதிரி வைக்கணும், வெளிப்பக்கம் சைலன்சர்ல இருக்கிற நிப்பிளுக்கு போகும். மூணாவது வச்சா எண்ணெய் நிரப்ப மட்டும், நான் வைக்கல, ஓட்டை கூட கூட ஒழுக்கும் கூடும். பித்தளைய வெட்டினதும் ஓரத்துல பிசிறு நிக்கும், அத அரத்தால ராவி உள்பக்கமும் சுத்தம் பண்ணிருங்க, இல்லாட்டி அந்த பிசிறு சிலிகன் ட்யூப உள்ளால கீறி ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுரும், அது கண்ணுக்கு தெரியாது, ஆனா காத்து போகும்.

குண்டு இருக்கிற ட்யூபோட நீளம்தான் முக்கியம். டேங்க நேரா தூக்கி பின்பக்கம் கீழ இருக்கிற மாதிரி புடிச்சா குண்டு பின்சுவர தொடக்கூடாது, ஒரு 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். குலுக்கினா நாலு பக்கமும் டொக் டொக்குன்னு சுதந்திரமா ஆடணும். நீளம் கூடினா பின்சுவர்ல ஒட்டிக்கும், குறைஞ்சா டேங்க்ல கால்வாசி எண்ணெய் இருக்கிறப்பவே எஞ்சின் பட்டினி கெடக்கும். நம்ம பிளேன்ல நடந்த மாதிரி முன்னால மடிஞ்சு போகாம இருக்க ஒரு நல்ல வழி இருக்கு, ட்யூபோட நடுவுல ஒரு சின்ன பித்தளை குழாய் துண்ட சொருகிருங்க, அந்த இடம் மடியாது, ரெண்டு நுனியும் மட்டும் ஆடும். அதுக்கப்புறம் எங்களுக்கு அந்த தொல்லை வரல.

அடைப்பான் ஸ்குரூவ முறுக்கிறப்ப ரப்பர் பிதுங்கி வாய அடைச்சா போதும், அதுக்கு மேல பலம் காட்டினா டேங்க் கழுத்து வெடிச்சிரும். முறுக்கி முடிச்சதும் ஒரு குழாய அடைச்சு இன்னொன்னுல ஊசிபோடுற சிரிஞ்சால காத்த ஏத்தி வாளி தண்ணிக்குள்ள அமுக்கி பாருங்க, நீர்க்குமிழி வந்தா திரும்ப கழட்டணும். வாயால ஊதாதீங்க, புது டேங்குன்னா கூட அந்த பழக்கம் வேண்டாம், ஏன்னு பின்னால சொல்றேன்.

அடுத்தது உயரம். டேங்கோட நடுக்கோடும் காபரேட்டர் ஊசி இருக்கிற மட்டமும் ஒன்னா இருக்கணும், இல்லாட்டி டேங்க் ஒரு 10 மில்லிமீட்டர் கீழ இருந்தாலும் பரவாயில்ல. மேல இருந்தா நாம நிப்பாட்டி வச்சிருக்கிறப்பவே பீலித்தண்ணி மாதிரி தன்னால எஞ்சினுக்குள்ள எறங்கும், நெறஞ்ச டேங்க்ல ஒரு மாதிரியும் காலியாகுறப்ப ஒரு மாதிரியும் ஓடும். சில பேரு அழகுக்காக எஞ்சின தலைகீழா மாட்டுவாங்க, பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா அப்ப ஊசி கீழ போயிரும், டேங்க் பழைய எடத்துலயே இருந்தா எஞ்சின் நனைஞ்சு கெடக்கும். ட்ரெயினர் மூக்குல டேங்க் வைக்கிற எடம் முன்னாடியே முடிவாகி இருக்கு, அதுல எஞ்சின நிமித்தி வைங்க, இல்லாட்டி பக்கவாட்டுல படுக்க வைங்க, வம்பு இல்ல. டேங்க் எஞ்சினுக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது, தள்ளி போனா மூக்கு தூக்குறப்ப எண்ணெய் அவ்வளவு உயரம் ஏறணும்.

டேங்க் மரத்துல நேரா தொடக்கூடாது, நிமிசத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடுற எஞ்சின் அதிர்வு டேங்குக்கு போனா எண்ணெய் நுரைச்சிரும், நுரை போனா எஞ்சின் விட்டு விட்டு ஓடும். சுத்தி ஸ்பொன்ஞ் வைங்க, பழைய மெத்தையில வெட்டினதே போதும். டிவி பெட்டிக்குள்ள வர்ற ரெஜிஃபோம வெட்டி நெருக்கி வச்சத ஒரு தம்பி கொண்டு வந்து காட்டினான், கச்சிதமா இருந்துச்சு, ஆனா அது கெட்டி, அதிர்வ அப்படியே கடத்தும். டேங்க் கழுத்து முன்பலகை (எஞ்சின் மாட்டுற பலகை) ஓட்டையில வர்ற எடத்துல சுத்தி சிலிகன் சீலன்ட் பூசிருங்க, எஞ்சின் துப்புற எண்ணெய் உள்ள போனா மரம் ஊறி பசை விட்டுரும். முன்பலகையும் டேங்க் அறையும் எண்ணெய் ஊறாம இருக்க எபொக்சிய மெல்லிசா பூசணும். வித்த ஆளு இத செய்யல, பலகைய நகத்தால கீறினாலே மாவா வந்துச்சு, அதுனால வெட்டி எடுத்துட்டு 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல புதுசா போட வேண்டியதா போச்சு. அந்த வேலதான் எல்லாத்துலயும் நேரம் எடுத்துச்சு.

எஞ்சின் மாட்டுறதுல மாமாதான் குரு. நைலோன் மவுண்ட்ல எஞ்சின வச்சு, பிளான்ல இருக்கிற தூரத்துக்கு முன்ன பின்ன நகத்தி, ஓட்டை எடத்த பென்சில்ல இல்லாம கூரான ஆணியால குறிச்சாரு. பேக்டரி வேர்க்ஷொப்ல நிக்கிற ட்ரில்ல வச்சு நேரா துளைச்சாரு, கைட்ரில்ல செஞ்சிருந்தா கோணிரும். பலகைக்கு பின்பக்கம் மரத்துல பதியிற முள்ளு நட்டு, முன்னால இருந்து அலன்கீ போல்ட், எல்லாத்துலயும் போல்ட் கழராம புடிக்கிற நீல நிற லொக்டைட் பசை ஒரு துளி. மரத்துக்குள்ள போற மர ஸ்குரூவ நம்பி எஞ்சின மாட்டாதீங்க, அதிர்வுல கழண்டு வரும்.

எஞ்சின் நேரா முன்னால பாக்கக் கூடாது, கொஞ்சம் வலது பக்கமும் கொஞ்சம் கீழயும் பாக்கணும், இது பிழை இல்ல, வேணும்னே வைக்கிறது. புரொப்பெல்லர் பின்னால இருந்து பாத்தா வலஞ்சுழியா சுத்துது, அந்த முறுக்கும் சுழண்டு வர்ற காத்தும் மூக்க இடது பக்கம் இழுக்கும், அத சரிக்கட்டத்தான் 2, 3 பாகை வலது. இடது பக்கம் மவுண்டுக்கு அடியில வொஷர் போட்டா வலது பாக்கும், மேல் பக்கம் போட்டா கீழ பாக்கும். பலகையிலயே சரிவு வெட்டி வச்சிருக்கிற பிளேனும் இருக்கு, அதுல திரும்ப வொஷர் போட்டா ரெட்டிப்பாயிரும், முதல்ல அளந்து பாருங்க. எல்லாம் மாட்டினதும் பாரமையம் பாக்கணும், டேங்க் காலியா வச்சு. டேங்க் முன்னால இருக்கிறதுனால எண்ணெய் தீர தீர மூக்கு இலேசாகி வால் பாரமாகும், நெறஞ்ச டேங்க்ல சரியா இருந்த பிளேன் இறங்குற நேரத்துல ஆட்டம் காட்டும்.

இப்ப எண்ணெய். இந்த எஞ்சின்ல ஸ்பார்க் கிடையாது, 1947ல அமெரிக்காவுல ரே ஆர்டன்ங்கிறவர் கடைக்கு கொண்டு வந்த குளோ பிளக்குதான், அதுல ஒரு பிளட்டினம் கம்பி, ஒன்றரை வோல்ட் குடுத்து சிவக்க வச்சா அப்புறம் மெத்தனோல் அந்த கம்பியில பட்டு தானா சூடா வச்சிருக்கும், பட்டரிய கழட்டிரலாம். அதுனால பெற்றோல் ஊத்தினா ஓடாது, மெத்தனோல்தான் வேணும். அதோட 18, 20 வீதம் மசகு எண்ணெய் கலக்கணும், விளக்கெண்ணெய் இல்லாட்டி அதுக்குன்னு வர்ற சிந்தெட்டிக். புல்லு வெட்டுற மெஷினுக்கு கலக்குறத பாத்து பழகினவங்களுக்கு இது பயங்கரமா தெரியும், "ஏண்டா இவ்வளவு எண்ணெய்"ன்னு மாமாவே கேட்டாரு. அந்த எண்ணெய்தான் சூட்ட வெளிய கொண்டு போகுது. வீட்டுல கெடக்குற 2டி ஒயில ஊத்தலாமான்னு கேக்காதீங்க, அது மெத்தனோல்ல கரையாது, அடியில தங்கிரும், எஞ்சின் மசகு இல்லாம ஓடி இறுகிரும். 80 பங்கு மெத்தனோல் 20 பங்கு விளக்கெண்ணெய், நைட்ரோ இல்லாம, இதுலயே நல்லா ஓடும். நைட்ரோமெத்தேன் 10, 15 வீதம் சேத்தா மெதுவா ஓடுறது இன்னும் சீரா இருக்கும், உயரத்துல குறைஞ்ச பலத்துல கொஞ்சம் திரும்ப வரும்.

மெத்தனோல் விசயத்துல மட்டும் நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். இது குடிக்கிற சாராயம் மாதிரி மணக்கும், பாக்க தண்ணி மாதிரி இருக்கும், கொஞ்சம் உள்ள போனாலும் கண்ணு போயிரும், உசிரும் போயிரும். லயத்துல கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், எப்படி போத்தல் மாறி போத்தல் வரும்னு நமக்கு தெரியாததா. அதுனால தண்ணி போத்தல்லயோ சோடா போத்தல்லயோ ஒரு நாளும் ஊத்தி வைக்காதீங்க, தகர டின்ல வச்சு, மண்டையோடு படம் போட்டு, நஞ்சுன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி, பூட்டின பெட்டிக்குள்ள வைங்க. தோல் வழியாவும் உள்ள போகும், கையுறை போடுங்க, டேங்க வாயால ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம்னு சொன்னது அதுக்குத்தான். பத்திக்கிட்டா வெயில்ல நெருப்பே கண்ணுக்கு தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். நம்ம ஊரு ஈரத்த உறிஞ்சி கெட்டும் போகும், மூடி இறுக்கமா இருக்கணும்.

நிரப்புறப்ப காபரேட்டர் ட்யூப கழட்டி அது வழியா ஏத்துங்க, சைலன்சர் ட்யூபையும் கழட்டி விடுங்க, அதுல எண்ணெய் வந்தா டேங்க் நெறஞ்சாச்சு. கழட்டாம விட்டா மிச்ச எண்ணெய் சைலன்சருக்குள்ள போய் அங்கருந்து சிலிண்டருக்குள்ள போகும், அப்ப ஸ்டார்ட்டர வச்சு சுத்தினா எண்ணெய் அமுங்காது, கொனெக்டிங் ரொட்தான் வளையும். ஸ்டார்ட் பண்ண முன்ன பிளக் பட்டரி போடாம கையால ஒரு சுத்து சுத்தி பாக்குறது நல்ல பழக்கம்.

இனி உயரம், கொழும்புல இருக்கிறவங்க சொல்ற செட்டிங் நமக்கு பொருந்தாததுக்கு காரணம். நுவரெலியா 1,868 மீட்டர், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல 83 வீதம் அளவுதான். ஹட்டன் பக்கம் 88 வீதம் வரும். காத்து குறைஞ்சா அதே அளவு எண்ணெய் கூடிப் போகும், எஞ்சின் கரகரன்னு புகைய கக்கிக்கிட்டு பலம் இல்லாம ஓடும், அதுனால ஊசிய உள்ள மூடணும். மூடினாலும் பலம் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு இல்லாமத்தான் இருக்கும், அது எஞ்சினோட குத்தம் இல்ல. புரொப்பெல்லருக்கும் புடிக்க காத்து குறைவு, கீழ 11க்கு 5 (11 அங்குல நீளம், 5 அங்குல பிட்ச்) போட்டு ஓட்டினா மேல 11க்கு 6 போடலாம். ரெக்கைக்கும் அதே கதை, தூக்க பத்து வீதம் கூடுதல் வேகம் வேணும், ஓட்டமும் நீளும், சின்ன கிரவுண்ட்ல இத மறந்துட்டு அவசரப்பட்டு மூக்க தூக்கினா ஒரு பக்கம் சரிஞ்சிரும்.

ஊசி வைக்கிற முறை இதுதான். எஞ்சின் சூடானதும் முழு த்ரொட்டில்ல விட்டு, ஊசிய ஒவ்வொரு கிளிக்கா மூடிக்கிட்டே போங்க, சத்தம் ஏறி ஏறி ஒரு உச்சத்துக்கு வரும், அங்கருந்து ரெண்டு மூணு கிளிக் திரும்ப திறங்க. அப்புறம் ஒரு ஆள் பின்னால நின்னு பிளேன இறுக்கி புடிச்சு மூக்க வானத்த பாத்து தூக்கணும், சத்தம் கொஞ்சம் ஏறினா சரி, மாறாம இருந்தாலும் சரி, எறங்கினா இன்னும் திறக்கணும். ஊசிய தொடுறப்ப புரொப்பெல்லருக்கு பின்னால இருந்து கைய நீட்டுங்க, முன்னால இருந்து இல்ல, சாரம் கட்டிக்கிட்டு, சால்வை போட்டுக்கிட்டு கிட்ட நிக்காதீங்க. மூடுபனி காலையில எஞ்சின் லேசுல பத்தாது, குளிர்ல மெத்தனோல் ஆவியாக மாட்டேங்குது, விளக்கெண்ணெயும் தடிச்சிரும், நான் டின்ன கொஞ்ச நேரம் வெயில்ல வச்சுட்டு வெயில் ஏறினதுக்கப்புறம் ஆரம்பிப்பேன், அப்பதான் மலைக்காத்தும் இன்னும் கிளம்பியிருக்காது.

மேல டியூன் பண்ணின எஞ்சின கீழ கொண்டு போறவங்க கவனம். கண்டியோ கொழும்போ இறங்கினா காத்து தடிப்பு, மூடி வச்ச ஊசில எண்ணெய் பத்தாது, எஞ்சின் ஆரம்பத்துல செம வேகமா ஓடி சந்தோசப்படுத்தும், அப்புறம் சூடாகி பிஸ்டன் கீறிரும். போறதுக்கு முன்னாடியே ஊசிய அரை சுத்து திறந்து வச்சுட்டு அங்க போய் முதல்ல இருந்து வைங்க.

முடிஞ்சதும் ட்யூப கழட்டி எஞ்சின்ல மிச்சம் இருக்கிறத ஓடி தீர விட்டு, டேங்கையும் காலி பண்ணிட்டு, காபரேட்டர்ல ரெண்டு துளி மெஷின் எண்ணெய் விட்டு கையால சுத்தி வைங்க. மெத்தனோல் எரிஞ்சா தண்ணி வரும், நைட்ரோ இருந்தா அமிலமும் வரும், நம்ம தென்மேல் பருவ மழை மாசத்துல பெயரிங் சீக்கிரமா துருப்புடிக்கும்.

பெற்றோல் எஞ்சின் போட்டா இந்த தலைவலி எல்லாம் இல்லையேன்னு அந்த தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். உண்மைதான், அதுல பம்ப் காபரேட்டர் வருது, டேங்க கொஞ்சம் பின்னால கூட வைக்கலாம், எண்ணெயும் பெற்றோல் ஷெட்டுலயே கிடைக்கும். ஆனா பாரம் கூட, இந்த 40 சைஸ் ட்ரெயினர் மூக்குக்கு யோசிச்சுத்தான் போடணும். அதோட இந்த டேங்க அப்படியே வச்சுக்கிட்டு பெற்றோல் ஊத்த முடியாது, சிலிகன் ட்யூப் உப்பி பிஞ்சிரும், அடைப்பானும் பெற்றோலுக்குன்னு வர்ற ரப்பரா இருக்கணும், ட்யூபும் டைகொன் மாதிரி பெற்றோல் தாங்குற ஒன்னா வேணும். அவன் முதல்ல அந்த ரெஜிஃபோம எடுத்துட்டு ஸ்பொன்ஞ் வைக்கட்டும்.